அஸ்மாராவின் பினியம்: வேகமான கால்களும் தாமதமாகும் விசாக்களும்

இத்தாலியின் தூரின் நகரம். 2024 ஜூலை 1, திங்கட்கிழமை மாலை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மூன்றாம் நாள். பியாசென்சாவிலிருந்து 230.8 கிலோமீட்டர் மிதித்து வந்த கூட்டம் நகருக்குள் நுழைகிறது. அந்த ஆண்டின் மிக நீளமான கட்டம் அதுதான். ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக சீட்டில் உட்கார்ந்திருந்த உடம்புகள் கடைசி இரண்டு நிமிடங்களுக்காகக் கையில் இருந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கின்றன. முடிவுக்கோடு நெருங்கும் நேரத்தில் நடுவே ஒரு விபத்து. சிலர் சாலையில் விழ, பலர் பின்னால் முடங்க, மிச்சமிருந்தவர்களுக்குள் போட்டி வெடிக்கிறது.

சாலையின் வலது ஓரம். ஒரு பக்கம் இரும்புத் தடுப்பு, மறுபக்கம் கொலம்பியாவின் பெர்னாண்டோ கவிரியா. நடுவில் ஒரு சைக்கிள் நுழையும் அளவுக்குத்தான் இடம். அந்த இடுக்கில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு பாய்கிறார். முழங்கை தடுப்பில் உரசினால் முடிந்தது கதை. உரசவில்லை. கோட்டைத் தாண்டிவிட்டார்.

அவர் பெயர் பினியம் கிர்மை. அப்போது வயது 24. ஊர், ஆப்பிரிக்காவின் கிழக்கு விளிம்பில் செங்கடலைப் பார்த்து நிற்கும் எரித்திரியாவின் தலைநகர் அஸ்மாரா. 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸில் ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர். கண்ணீரோடு பேட்டி கொடுத்த பினியம், வெற்றியைத் தன் நாட்டுக்கும் ஆப்பிரிக்கா முழுமைக்கும் காணிக்கையாக்கினார். பெரிய பந்தயங்களில் இனி எங்களுக்கும் இடமுண்டு, இது எங்கள் நேரம் என்ற பொருளில் பேசினார்.

அடுத்த மூன்று வாரங்களில் அவர் இன்னும் இரண்டு கட்டங்களை வென்றார். ஜூலை 21 அன்று நீஸ் நகரில் பந்தயம் முடிந்தபோது, புள்ளிகளில் முந்தியவருக்குத் தரும் பச்சை ஜெர்ஸி அவர் உடம்பில் இருந்தது. அந்தக் கால்களின் வேகத்தைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. அந்தக் கால்கள் தொடக்கக் கோட்டுக்கு வந்து சேர்ந்த பாதையைப் பற்றியும், அதே பாதையில் வழிமறிக்கப்பட்டு நிற்பவர்களைப் பற்றியும்தான் நாம் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

(கிர்மை என்பது அவருடைய அப்பாவின் பெயர். நம்மைப்போலவே எரித்திரியர்களும் சொந்தப் பெயருக்குப் பக்கத்தில் அப்பா பெயரை வைத்துக்கொள்பவர்கள். ஐரோப்பியப் பத்திரிகைகள் அவரைக் கிர்மை என்கின்றன. ரசிகர்கள் பினி என்கிறார்கள். நாம் பினியம் என்றே அழைப்போம்.)

மேகத்துக்கு மேலே ஒரு சைக்கிள் நகரம்

அஸ்மாரா கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிட உயரம். அங்கிருந்து செங்கடல் துறைமுகமான மசாவாவுக்கு ஒரு மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. சுமார் 115 கிலோமீட்டருக்குள் அந்த உயரம் முழுவதும் கரைந்துவிடும். ஆக்சிஜன் குறைந்த காற்றில் வளர்ந்து, அப்படியொரு சாலையில் ஏறி இறங்கிப் பழகிய பையன்களுக்கு நுரையீரலும் தொடையும் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

சைக்கிள் அங்கே இத்தாலியர்களோடு வந்தது. 1890இலிருந்து 1941 வரை எரித்திரியா இத்தாலியின் காலனி. ஆண்டவர்கள் தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொண்டார்கள், உள்ளூர்க்காரர்களைச் சேர்க்கவில்லை. 1939இல் இரு தரப்பையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டபோது கெப்ரெமரியம் கெப்ரு என்ற எரித்திரியர் வென்றார். தங்கள் இனமே உயர்ந்தது என்று சட்டம் போட்டு ஆண்டுகொண்டிருந்த பாசிச அரசின் கண் முன்னால் நடந்த வெற்றி அது. 1946இல் நாடு தழுவிய பந்தயமான ஜிரோ டி எரித்திரியா தொடங்கியது. பின்னர் போர் வந்தது. எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை பெற 1961இலிருந்து 1991 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் பந்தயங்களுக்கு ஏது இடம்? 2001இல்தான் அந்தப் பந்தயத்துக்கு மறுபடி உயிர் வந்தது.

இன்றைக்கு அஸ்மாராவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சைக்கிள் பந்தயம்தான். பனை மரங்கள் வரிசை கட்டிய ஹர்னெத் அவென்யூவின் இரு பக்கமும் ஜனம் நிற்கும். கென்யாவில் பையன்கள் ஓடுகிறார்கள், நைஜீரியாவில் பந்து உதைக்கிறார்கள்; எரித்திரியாவில் மிதிக்கிறார்கள். பினியத்தின் அப்பா தச்சுத் தொழிலாளி. சைக்கிள் பைத்தியம் பிடித்த குடும்பம் அது. ஜூலை மாதங்களில் தொலைக்காட்சியில் டூர் டி பிரான்ஸ் பார்த்து வளர்ந்த பையன் அவர்.

பெட்டிச் செய்தி: எரித்திரியா

1993இல் சுதந்திரம். மக்கள்தொகை சென்னை மாநகரத்தைவிடக் குறைவு. அன்றிலிருந்து ஒரே அதிபர், இசையாஸ் அஃப்வெர்கி; தேசியத் தேர்தல் நடந்ததே இல்லை. சட்டப்படி தேசியச் சேவை 18 மாதம். 1998இல் எத்தியோப்பியாவோடு எல்லைப் போர் மூண்ட பிறகு அது முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகிறது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2024ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் 180ஆவது இடம். அஸ்மாராவின் நவீனக் கட்டடக்கலைக்காக 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது.

நமக்கும் இந்தக் கரைக்கும் பழைய உறவு உண்டு. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்ற கடல்வழிக் கையேடு, எரித்திரியக் கரையிலிருந்த அதூலிஸ் துறைமுகத்தையும் நம் முசிறியையும் குமரியையும் ஒரே வணிகப் பாதையில் வைத்துப் பேசுகிறது.

அகிலுக்குப் போன பையன்

2018 பிப்ரவரியில் ருவாண்டாவின் கிகாலியில் நடந்த ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப்பில் ஜூனியர் பிரிவில் பினியம் தங்கங்களை அள்ளினார். உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ, சுவிட்சர்லாந்தின் அகில் என்ற சிற்றூரில் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. சைக்கிள் பந்தயக் கட்டமைப்பு இல்லாத நாடுகளின் இளைஞர்களுக்கான இடம் அது. அங்கே இடம் கிடைத்தது. அதே ஆண்டு பெல்ஜியத்தில் நடந்த ஒரு ஜூனியர் பந்தயத்தில் ரெம்கோ எவனபூலை முந்தி ஒரு கட்டத்தை வென்றார். பின்னாளில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய அதே எவனபூல்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பதினெட்டு வயதில் பெல்ஜியப் பையனுக்கும் அஸ்மாராப் பையனுக்கும் கால் வலிமையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பெல்ஜியப் பையன் வீட்டிலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் பந்தயத்துக்குப் போய்விடலாம். வாராவாரம் ஒன்று கிடைக்கும். ஈரத்தில் வழுக்கும் கல் பாவிய தெருவில் எப்படித் திரும்புவது, பக்கவாட்டுக் காற்றில் யார் முதுகுக்குப் பின்னால் ஒளிவது, இருநூறு பேர் கூட்டத்தில் இருபதாவது இடத்தை எப்படி விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்வது என்பதெல்லாம் பள்ளிப் பருவத்திலேயே அவன் உடம்பில் ஊறிவிடும். சாலைப் பந்தயத்தில் பாதி வித்தை இதுதான். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒட்டிக்கொண்டால் காற்றை எதிர்க்கும் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் மிச்சம். அந்த மிச்சத்தைக் கடைசி இருநூறு மீட்டரில் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் செலவழிப்பவர்தான் ஸ்பிரின்ட் வீரர். இதை ஏட்டில் படித்துக் கற்க முடியாது. ஐரோப்பாவில் பந்தயம் ஓடித்தான் ஆக வேண்டும். ஐரோப்பாவில் ஓட வேண்டுமென்றால் அந்த மண்ணில் கால் வைக்க அனுமதி வேண்டும்.

பினியம் 2020இல் டெல்கோ என்ற பிரெஞ்சு அணியில் தொழில்முறை வீரரானார். அந்த அணி பணச் சிக்கலில் தடுமாறியது. 2021இல், பருவத்தின் நடுவில், பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே அணி அவரை எடுத்துக்கொண்டது. உலகின் முதல் வரிசை அணிகளில் சிறிய பட்ஜெட் உள்ள அணி அது. பெரிய நட்சத்திரங்களை விலைக்கு வாங்க முடியாதவர்கள், மற்றவர்கள் தேடாத இடத்தில் தேடினார்கள். அதே செப்டம்பரில் பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 23 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பினியத்துக்கு வெள்ளி. சாலைப் பந்தய உலக சாம்பியன்ஷிப்பில் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்.

ஒரு வெற்றி, ஒரு பாட்டில்

2022 மார்ச் 27. பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் பந்தயம். சைக்கிளை மதம்போலக் கொண்டாடும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் புகழ்பெற்ற ஒருநாள் பந்தயங்களில் ஒன்று. நான்கு பேர் பிரிந்து வந்தார்கள். கிறிஸ்டோஃப் லாபோர்ட், யாஸ்பர் ஸ்டூய்வன், டிரீஸ் வான் கெஸ்டல் மூவரும் அந்தச் சாலைகளில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நான்காமவர் பினியம். முடிவுக்கு வெகுதூரம் இருக்கும்போதே ஸ்பிரின்டைத் தொடங்கி மூவரையும் அடித்தார். ஃபிளாண்டர்ஸின் இத்தகைய பெரிய பந்தயம் ஒன்றில் கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை.

அடுத்த வாரம் இன்னும் பெரிய பந்தயம் காத்திருந்தது. ஓடச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள். அவர் ஊருக்குப் புறப்பட்டார். மனைவியையும் கைக்குழந்தையையும் பார்த்து மூன்று மாதமாகியிருந்தது. ஏற்கெனவே போட்ட திட்டத்தை வெற்றிக்காக மாற்ற மாட்டேன் என்றார். இதைப் படித்தபோது அவர்மீது எனக்குத் தனி மரியாதை வந்தது. ஐரோப்பிய வீரர் பந்தயம் முடிந்த இரவே வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறார். எரித்திரிய வீரருக்கு வீடு என்பது ஆண்டில் சில வாரங்கள்தான். இந்த விலையை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது.

மே மாதம் இத்தாலியின் பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியா. பத்தாம் கட்டம், பெஸ்காராவிலிருந்து யேசிக்கு. மேடேறும் கடைசி நீட்டத்தில் நெதர்லாந்தின் நட்சத்திர வீரர் மாத்தியூ வான் டெர் போலோடு நேருக்கு நேர் மோதி வென்றார் பினியம். தோற்ற வான் டெர் போல் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டினார். மேடையில் கொண்டாட்டத்துக்குக் கொடுத்த புரோசெக்கோ பாட்டிலைத் தரையில் வைத்துத் திறக்கும்போது கார்க் தெறித்து இடது கண்ணில் பாய்ந்தது. மருத்துவமனை; கண்ணுக்குள் ரத்தக்கசிவு. மறுநாள் அவர் பந்தயத்தில் இல்லை. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பெரிய ஆறுதல்.

2023 சுமாராகப் போனது. ஃபிளாண்டர்ஸில் விழுந்து தலையில் அடி. டூரில் முதல் முறை ஓடியும் கட்ட வெற்றி இல்லை. 2024 ஜிரோவில் மழைச் சாலையில் ஒரே நாளில் இரண்டு முறை விழுந்து வெளியேறினார். அப்படி வந்தவர்தான் எட்டு வாரத்தில் தூரினில் வென்றார்.

பெட்டிச் செய்தி: பச்சை ஜெர்ஸி யாருக்கு?

டூர் டி பிரான்ஸில் மஞ்சள், மொத்த நேரத்தில் முதலிடம் உள்ளவருக்கு. சிவப்புப் புள்ளிகள் இட்ட வெள்ளை, மலையேற்றத்தில் சிறந்தவருக்கு. பச்சை, புள்ளிகளில் முந்துபவருக்கு. 1953இலிருந்து கொடுக்கிறார்கள். சமதளக் கட்டத்தை வென்றால் 50 புள்ளி. வழியில் உள்ள இடைக்கோட்டில் முதலாவதாக வந்தால் 20. அதிக முறை வென்றவர் ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சகன், ஏழு முறை. 2024இல் 22 அணிகள், 176 வீரர்கள், 21 கட்டங்கள். பினியம் 387 புள்ளி. இரண்டாமிடம் பெல்ஜியத்தின் யாஸ்பர் பிலிப்சன், 354.

பச்சைக்காக மூன்று வாரம்

தூரினுக்குப் பிறகு எட்டாம் கட்டம். ஜெனரல் டி கோல் வாழ்ந்த கொலொம்பே-லே-தோசெக்லீஸ் கிராமத்தில் மேடேறி முடிந்தது. பிலிப்சனை நேரடியாக வென்றார். பன்னிரண்டாம் கட்டம் வில்நெவ்-சுர்-லோவில். இம்முறை பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட்டை வென்றார். பிலிப்சன் சும்மா இருக்கவில்லை. அவரும் மூன்று கட்டங்களை வென்று துரத்தினார். பதினாறாம் கட்டத்தில், நீம் நகரில், முடிவுக்கோட்டை நெருங்கும் ஒரு ரவுண்டானாவில் பினியம் விழுந்தார். முழங்கையிலும் முழங்காலிலும் அடி. அதே நாளில் பிலிப்சன் வென்றார். இடைவெளி சட்டென்று சுருங்கியது.

பச்சை ஜெர்ஸி வேகத்துக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஆல்ப்ஸ் மலைக் கட்டங்களில் ஸ்பிரின்ட் வீரர்கள் குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். காயத்தோடு மலை ஏறி, வழியில் உள்ள இடைக்கோடுகளில் பிலிப்சனை விடாமல் பார்த்துக்கொண்டு, கட்டுப்போட்ட உடம்பை நீஸ் வரை கொண்டு சேர்த்தார். மூன்று வெற்றிகளைவிட இந்த ஐந்து நாட்கள்தான் அவருடைய சாதனை என்று நினைக்கிறேன்.

சாலையோரம் எங்கு பார்த்தாலும் எரித்திரியக் கொடிகள். ஜெர்மனி, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து என்று ஐரோப்பா முழுக்கச் சிதறி வாழும் எரித்திரியர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இவர்களில் பலர் அந்த முடிவில்லாத தேசியச் சேவையிலிருந்து தப்பி, சஹாராவையும் மத்தியதரைக் கடலையும் தாண்டி வந்தவர்கள். நாட்டை விட்டு ஓடிவந்த மக்களே அந்த நாட்டின் கொடியைத் தூக்கிக்கொண்டு அழுது ஆர்ப்பரித்தார்கள். புலம்பெயர்தல் என்றால் என்னவென்று தெரிந்த தமிழர்களுக்கு இந்தக் காட்சியின் கனம் புரியும்.

வாசலில் நிற்கிறவர்கள்

பினியத்துக்கு முன்னால் வழி போட்டவர்கள் உண்டு. 2015இல் தென்னாப்பிரிக்காவின் எம்டிஎன்–குபேகா அணிக்காக டேனியல் தெக்லெஹய்மனோட், மெர்ஹாவி குதுஸ் ஆகிய இரு எரித்திரியர்கள் டூரில் ஓடினார்கள். தெக்லெஹய்மனோட் நான்கு நாட்கள் மலையேற்ற ஜெர்ஸி அணிந்தார். ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு வாசல் திறப்பதையே நோக்கமாகச் சொல்லிக்கொண்ட அணி அது. ஆதரவாளர் கிடைக்காமல், பெயர் மாறி மாறி, 2021 கடைசியில் மூடப்பட்டது. ஒரு கண்டத்தின் கனவு ஒரு நிறுவனத்தின் விளம்பரப் பணத்தில் தொங்கினால் இதுதான் நடக்கும்.

பணத்துக்கு அடுத்த தடை விசா. ஐரோப்பியப் பந்தயத்துக்கு அழைப்பு வந்த பிறகும், தூதரக முத்திரை நேரத்துக்கு வராததால் வீட்டிலேயே இருந்துவிட்ட ஆப்பிரிக்க வீரர்கள் பலர். எரித்திரியர்கள் என்றால் சந்தேகம் இரட்டிப்பு. அதற்கும் காரணம் இருக்கிறது. 2009இல் கென்யாவுக்குப் போன எரித்திரியக் கால்பந்து அணியின் வீரர்கள் திரும்பி வரவில்லை. 2012இல் உகாண்டாவிலும் அதுவே நடந்தது. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கொடி பிடித்து வந்த வெய்னய் கெப்ரெசிலாசி பிரிட்டனில் தஞ்சம் கேட்டார். 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து எரித்திரியா தன் கால்பந்து அணியையே விலக்கிக்கொண்டது.

ஆக, இளம் வீரருக்கு இரண்டு பக்கமும் பூட்டு. வெளியே போக உள்ளூர் அரசு அனுமதிக்க வேண்டும். உள்ளே வர ஐரோப்பிய அரசு அனுமதிக்க வேண்டும். போனவர் திரும்பமாட்டார் என்று இரண்டு அரசுகளும் நினைக்கின்றன. நடுவில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஒரு பருவத்தை இழக்கிறான். இந்த விளையாட்டில் பத்தொன்பது வயதில் இழந்த பருவம் திரும்பக் கிடைப்பதில்லை. அணிகள் அந்த வயதிலேயே வீரர்களைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன.

சைக்கிளுக்கு வருவோம். டூரில் ஓடும் வண்டி ஒன்றின் விலை பத்தாயிரம் யூரோவுக்கு மேல். பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாது. டயர், செயின், சக்கரம் எல்லாம் தேய்ந்து போகிறவை. அஸ்மாராவில் கடைக்குப் போய் வாங்கிவிட முடியாதவை. வெளிநாட்டில் ஓடிவிட்டு வரும் வீரர்கள் உதிரி பாகங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து இளையவர்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம்.

பெண்களுக்கு இந்தப் பாதை இன்னும் குறுகல். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய மொசானா டெபெசாய்தான் ஒலிம்பிக் சைக்கிள் பந்தயத்தில் எரித்திரியாவுக்காக ஓடிய முதல் பெண். அஸ்மாராவின் ஞாயிறு பந்தயங்களில் பெண்கள் ஓடாமல் இல்லை. அவர்களைத் தேடிப் போகும் ஐரோப்பிய அணிகள்தான் குறைவு.

கிகாலிக்குப் பிறகு

2025 செப்டம்பரில் சாலைப் பந்தய உலக சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஆப்பிரிக்காவுக்கு வந்தது. பினியம் ஜூனியராகத் தங்கம் வென்ற அதே கிகாலி. ஆயிரம் குன்றுகளின் நாடு என்று ருவாண்டாவைச் சொல்வார்கள், ஆண்களுக்கான 267.5 கிலோமீட்டர் பந்தயத்தை முடித்தவர்களே 30 பேர்தான். ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர் வென்றார். அந்த மேடுகள் பினியத்தின் உடல்வாகுக்கு ஏற்றவை அல்ல. தெருவெங்கும் ஜனம் நிறைந்து நின்ற அந்த வாரம், ஆப்பிரிக்காவில் சைக்கிள் பார்க்க ஆளில்லை என்ற பழைய சாக்கை முடித்து வைத்தது. ஆப்பிரிக்க அணிகள் விசாவுக்குக் காத்திருக்காமல் தங்கள் கண்டத்திலேயே வந்து ஓடிய உலகப் போட்டியும் அதுதான்.

பினியத்துக்கு அந்த ஆண்டு கடினமானது. டூரின் முதல் கட்டத்தில் லீல் நகரில் பிலிப்சனுக்கு அடுத்து இரண்டாமிடம். கையெட்டும் தூரத்தில் வந்த வெற்றி நழுவியது. அவரை வளர்த்த இன்டர்மார்ஷே அணி தனியாக நிற்க முடியாமல் லோட்டோ அணியோடு இணைந்தது. 2026 பருவத்துக்கு அவர் என்எஸ்என் அணிக்கு மாறினார். ஸ்பிரின்ட் வீரர்களுக்கு இப்படி வறண்ட ஆண்டு வருவதுண்டு. இருபத்தாறு வயதில் கதையை முடித்து எழுத வேண்டியதில்லை.

அவருக்குப் பின்னால் ஹெனோக் முலுப்ரஹான் இருக்கிறார், நத்னயேல் தெஸ்ஃபட்சியோன் இருக்கிறார். இருவரும் ஐரோப்பாவின் முதல் வரிசை அணிகளில் ஓடியவர்கள். இன்னும் பெயர் வெளியே தெரியாத பையன்களும் பெண்களும் மசாவா சாலையில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த பினியம் யார் என்று ஐரோப்பியப் பத்திரிகைகள் கேட்கின்றன. அந்தக் கேள்வியைத் தூதரகங்களிடமும் யூசிஐயிடமும்தான் கேட்க வேண்டும். உலக சாம்பியன்ஷிப்பையும் பெரிய பந்தயங்களையும் நடத்த உரிமம் கொடுப்பது யூசிஐ. அழைக்கப்பட்ட ஒவ்வொரு வீரருக்கும் பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பே விசா முடிவு தெரிந்தாக வேண்டும் என்று அந்த உரிம ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பந்தய நாளில் சாலைகளை மூடவும், போலீஸை நிறுத்தவும், ஹெலிகாப்டர் பறக்கவும் அரசுகளோடு கையெழுத்துப் போடுகிறார்கள். அதே மேசையில் இதையும் பேச முடியும். 2026 பருவத்தின் அட்டவணை ஏற்கெனவே கையில் இருக்கிறது.